டர்போ மாட்டலாம்... உள்ளே தாங்குமா?

திருவள்ளூர் பக்கத்து இளைஞர்களுக்கு இப்போது இரண்டு ஆசைகள். ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு கார். இரண்டு, கார் வந்த மறுமாதமே அதில் ஒரு டர்போ. (கல்யாணம் மூன்றாவது. அதைப் பெண் வீட்டார் முடிவு செய்கிறார்கள்.)

நான் குடியிருப்பது திருப்பாச்சூர். வேலை காக்களூர் எஸ்டேட்டில், உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அதாவது, நாள் பூரா கையில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பது. (இதையே வீட்டில் செய்தால் சோறு கிடைக்காது.) ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர் ஒருவரின் ரீபோர் பட்டறையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே வருகிறவர்கள், "அண்ணே, டர்போ போட்டா பவர் எவ்வளவு ஏறும்?" என்று கேட்கிறார்கள். "ஏறின பவரை உள்ளே இருக்கிறது தாங்குமா?" என்று கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. அந்தக் கேட்காத கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

வயிறு அதே வயிறுதான்!

சாதா எஞ்சின், வெளிக்காற்று தன் பாரத்தால் எவ்வளவு உள்ளே தள்ளுகிறதோ அவ்வளவைத்தான் இழுக்கும். அந்தப் பாரம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. டர்போவில், வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. வீணாய்ப் போகிற புகையைப் பிடித்து வேலை வாங்குகிற இந்த யோசனைக்கு 1905-லேயே பேடன்ட் வாங்கியவர் ஆல்ஃப்ரெட் பூஷி என்கிற ஸ்விஸ் எஞ்சினீயர்.

கூடுதலாக அரை கிலோ அமுக்கினால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று. அதற்கேற்ற பெட்ரோல். அதற்கேற்ற வெடிப்பு. சாப்பாடு ஒன்றரை மடங்கு, வயிறு அதே வயிறு என்றால் என்ன ஆகும்? விருந்துக்குப் போய்வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டாம்.

"லாரியெல்லாம் டர்போவிலதானே ஓடுது?" என்பார்கள். வாஸ்தவம். ஆனால், டீசல் எஞ்சின் பிறவியிலேயே கனம். தவிர, அதில் காற்றை மட்டும் அமுக்கி, கடைசி நேரத்தில்தான் டீசலைப் பீச்சுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்தே அமுக்கப்படுகின்றன. வில்லங்கம் அங்கேதான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கின காற்று சூடாகும். அளவு மீறினால், ஸ்பார்க் மூட்டிய தீ போய்ச் சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். வெளியே 'டொக் டொக்' என்று சின்னச் சத்தம். உள்ளே பிஸ்டன் தலையில் சம்மட்டி அடி.

ஒரே முதலாளி, இரண்டு கார்

இதை உலகத்துக்குக் காசு செலவழித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள். 1962-ல் அவர்களிடமிருந்து இரண்டு டர்போ கார்கள் வந்தன. ஒன்று, ஷெவர்லே கார்வேர். அதில் கம்ப்ரஷனை 8-க்கு இறக்கி, கிராங்கையும் உசத்தி இரும்பில் செய்தார்கள். மற்றது, ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். இதில் கம்ப்ரஷன் 10.25. இறக்க மனசில்லை. அதற்குப் பதில், நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டாங்க்கில் ஊற்றச் சொன்னார்கள். பெட்ரோல் போடவே முணுமுணுக்கிற ஜனங்கள் தண்ணீரையா ஞாபகமாக ஊற்றுவார்கள்? ஊற்றவில்லை. பலர் டர்போவையே கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார்கள். 1963-ஓடு கார் நின்றது.

நம்ம ஊர் லான்சர்

அமெரிக்கா எதற்கு? திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்ததே, 1998-லிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்த இடம். அந்தக் கார்கள் இன்றைக்கும் இந்தப் பக்கம் செகண்ட் ஹாண்டில் சுற்றுகின்றன.

எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் அப்படியொரு லான்சர் வாங்கினார். ஆபீஸ் உத்தியோகம், மூன்று வருஷ போனஸ் சேமிப்பு. வாங்கிய கையோடு டர்போ 'கிட்' ஒன்றும் வரவழைத்துவிட்டார். கேட்டால், "அண்ணே, ராலி சாம்பியன் லான்சர்ண்ணே இது!"

டாமி மாகினென் 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து உலக ராலி சாம்பியன் ஆனது லான்சரில்தான். ஆனால், அது லான்சர் எவல்யூஷன். அதில் இருந்தது 4ஜி63 என்கிற 2 லிட்டர் எஞ்சின். டர்போவுக்கென்றே செய்தது. கம்ப்ரஷன் 8.8 மாதிரி அடக்கம். பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர வைக்கிற ஏற்பாடு உண்டு. தம்பியின் காரில் இருப்பது 4ஜி15. 1468 சி.சி., குடும்பத்தோடு திருத்தணி போய்வரப் பிறந்தது. பெயர்ப் பொருத்தம் மட்டும் வைத்துக் கல்யாணம் பண்ண முடியுமா?

"முதல்ல பிரிச்சுப் பார்ப்போம் தம்பி" என்றார் மேஸ்திரி. பிரித்தோம். டயல் கேஜை விட்டு அளந்தால், சிலிண்டர்கள் வட்டமாகவே இல்லை, தேய்ந்து முட்டை வடிவம்! இதன் மேல் டர்போ மாட்டியிருந்தால், ஓட்டைப் பானையில் பொங்கல் வைத்த கதைதான்.

உள்ளே என்னென்ன?

அன்றைக்கு மேஸ்திரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டி நடத்திய பாடத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பிஸ்டன்: சாதாக் கார்களில் வார்ப்பு அலுமினியம். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எரியும் வாயுவோ 2000 டிகிரிக்கு மேல். ஆயிலும் சிலிண்டர் சுவரும் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான் பிழைக்கிறது. டர்போவுக்கு அடித்து உருவாக்கிய 'ஃபோர்ஜ்டு' பிஸ்டன் உத்தமம். வார்ப்பு, நாக்கிங்கில் விண்டுபோகும். ஃபோர்ஜ்டு அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. ஆனால், சூட்டில் அதிகம் விரியும். அதனால் இடைவெளியைக் கூட்டி வைப்பார்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் 'தட தட' என்னும். பயப்பட வேண்டாம்.

ரிங்: இதுதான் ஏமாற்றும் பேர்வழி. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு மயிரிழை சந்து விடுவார்கள். பொதுவான கணக்கு, போர் ஒரு அங்குலம் என்றால் சந்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பாகம். லான்சரின் 75.5 மில்லிமீட்டர் போருக்கு 0.3 மில்லிமீட்டர். டர்போவுக்கு ஐந்து பாகமாவது வேண்டும். 0.4-ஐ நெருங்க வேண்டும். பழைய சந்தையே விட்டால், சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். போக இடமில்லாமல் பிஸ்டனின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். 0.1 மில்லிமீட்டர்தான் சார் வித்தியாசம்!

கனெக்டிங் ராட்: 6000 ஆர்.பி.எம். என்றால், பிஸ்டன் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. டர்போவின் வெடிப்பு ராடை அமுக்குகிறது. ஆர்.பி.எம். ராடை இழுக்கிறது. இழுப்பு வர்க்கத்தில் ஏறும். வேகம் 10 சதவிகிதம் கூடினால் இழுப்பு 21 சதவிகிதம் கூடும். ஆகவே, ராடும் ராட் போல்ட்டும் உசத்தியாக வேண்டும். டர்போ போட்டபின் எஞ்சினைக் கதறவிடுகிற ஆசையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பேரிங்கும் ஆயிலும்: டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதற்கும் குடிக்க எஞ்சின் ஆயில்தான். ஆயில் பம்ப் சோப்ளாங்கியாக இருந்தால் இரண்டும் காலி. விரட்டி ஓட்டிவந்து உடனே சாவியைத் திருகாதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும்.

ஹெட் கேஸ்கெட்: வெடிப்பு கூடினால் ஹெட் தூக்கப் பார்க்கும். நல்ல உலோகக் கேஸ்கெட், கெட்டியான ஸ்டட். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையளவில் முடுக்குகிறவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள், அவர் சொந்த மாமாவாக இருந்தாலும்!

பிறகு இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் டைமிங், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இவ்வளவும் முடிந்தபின் கடைசியாக, டர்போ. நம்மவர்கள் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். காரணம் எளிது. டர்போ பானெட்டைத் திறந்தால் தெரியும், போட்டோ எடுக்கலாம். ரிங்கின் சந்தைப் போட்டோ எடுத்து யாரிடம் காட்டுவது?

சட்டம் என்று ஒன்று...

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து என்று போனால், இன்ஷூரன்ஸ்காரர் சிரித்த முகத்தோடு ஃபைலை மூடலாம். வேகம் மாற்றின பிரேக், பழைய பிரேக்காகவே இருந்தால் அந்த விபத்து நடக்க நாளும் ஆகாது. தெருவில் எதிரே வருவது யாரோ ஒருவரின் அப்பா.

ஆசையைத் தீர்த்துக்கொள்ள ரேஸ் டிராக் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலேயே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே வந்துவிட்டது.

ரோட்டில்தான் டர்போ வேண்டுமா? கம்பெனி டர்போவே வாங்கிவிடுங்கள். அதே திருவள்ளூர் ஆலையிலிருந்து 2022-ல் வந்த சிட்ரோயென் சி3 காரைப் பாருங்கள். 1.2 லிட்டர், டர்போ இல்லாமல் 82 குதிரை, டர்போவோடு 110. இழுவை 115 நியூட்டன் மீட்டர், டர்போவோடு 190. உள்ளே தாங்குமா என்கிற கவலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பட்டவர்கள் வேறு இருக்கிறார்கள்.

பக்கத்துத் தெருத் தம்பி? ரீபோர் முடிந்து, புது பிஸ்டனோடு லான்சர் சமர்த்தாக ஆபீஸ் போய்வருகிறது, கம்பெனி கொடுத்த பவரில். டர்போ, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவர் அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கிரைண்டர் வாங்கினவன் கல்லை எங்கேடா வெச்சே?" என்று கேட்டாராம்!