எட்டுத் தறியும் இரண்டு தறியும்

உருவத்திற் பெரியது ஆற்றலிலும் பெரியதாகவே இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. கணினியை விலைக்கு வாங்கப் புறப்படுவோரும் இவ்வெண்ணத்திற்கு விலக்கானவர் அல்லர். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட சர்வர் கணினிகள் இன்று பழம்பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. பழைய மடிக்கணினிகளும் அவ்வாறே. எம்.ரெட்டியபட்டி போன்ற கரிசற் காட்டு ஊர்களில், பருத்தி விற்ற பணத்திலோ ஆடு விற்ற பணத்திலோ பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கித் தர முனையும் பெற்றோர், இவ்விரண்டில் எதைத் தேர்வது? கைப்பொருள் சிறிதாயிருக்கும்பொழுது தேர்வு பிழைத்தால் இழப்பு பெரிது. ஆதலின் இவ்வினாவை நிதானமாக ஆராய்வோம்.

சர்வர் என்பது யாது? பலருக்கும் ஒரே வேளையில் பணி செய்யும் கணினியே சர்வர். பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். தேசியத் தகவலியல் மையத்தின் தளத்தை இலட்சக்கணக்கான மாணவர் ஒரே நேரத்தில் நாடுகின்றனர். ஒவ்வொருவர் கேட்பதும் சிறு செய்தியே; ஆனால் கேட்போர் எண்ணிறந்தோர். மடிக்கணினியோ ஒருவர் மடியில் அமர்ந்து ஒருவருக்கே பணி செய்வது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இக்கருவியைச் சிற்றூர் இல்லங்களுக்கும் கொணர்ந்தது.

இரண்டினுள்ளும் மூளையாக விளங்குவது செயலி. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நிறுவனம், ஒரே அடிப்படை வடிவமைப்பில் செய்த இரு செயலிகளை ஒப்பிட்டால் உண்மை எளிதில் விளங்கும். இன்டெல் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட கோர் ஐ5-2520எம் மடிக்கணினிக்கு உரியது. அந்நிறுவனமே 2012 இல் வெளியிட்ட ஸீயான் ஈ5-2670 சர்வருக்கு உரியது. முன்னதில் ஏறத்தாழ 62 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. பின்னதில் ஏறத்தாழ 227 கோடி.

செயலியினுள் கணக்கிடும் பகுதியைக் கரு என்பர். மடிக்கணினிச் செயலியில் கருக்கள் இரண்டு. சர்வர் செயலியில் எட்டு. வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் என்னும் அளவையாற் கூறுவர். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடித் துடிப்பு. மடிக்கணினிச் செயலியின் அடிப்படை வேகம் 2.5, சர்வர் செயலியின் வேகம் 2.6. எட்டுக் கரு கொண்ட பெரிய செயலி, ஒரு கருவின் துடிப்பளவில், சிறியதைவிடப் பெரிதும் விரைவுடையது அன்று என்பதைக் கருத்திற் கொள்க.

இதன் பொருளை அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டிற் கண்டறியலாம். ஒரு கூடத்தில் இரண்டு தறிகள். மற்றொரு கூடத்தில் எட்டுத் தறிகள். எல்லாத் தறிகளிலும் நாடா ஓடும் வேகம் ஒன்றே. எட்டுச் சேலைகள் வேண்டுமென்றால் எட்டுத் தறிக் கூடமே முந்தும். ஆனால் வேண்டுவது ஒரே சேலை என்றால்? ஒரு பாவினை எட்டுத் தறிகளுக்குப் பங்கிட்டு ஒரு சேலையை நெய்தல் இயலாது. ஏழு தறிகள் வாளா கிடக்கும். சேலை முடியும் நேரம் இரு கூடங்களிலும் ஒன்றே.

இக்கருத்தை ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1967 இல் எடுத்துரைத்தார். நூறு நிமிட வேலை ஒன்றைக் கொள்வோம். அதில் 10 நிமிடப் பகுதி பிரிக்க இயலாதது. 90 நிமிடப் பகுதி பிரிக்கத்தக்கது. சமவேகமுள்ள இரண்டு கருக்கள் அதனை 10 கூட்டல் 45, ஆக 55 நிமிடத்தில் முடிக்கும். எட்டுக் கருக்கள் 10 கூட்டல் 11¼, ஆக 21¼ நிமிடத்தில் முடிக்கும். பிரிக்க இயலாத பகுதி 50 நிமிடமானால், இரண்டு கருக்களுக்கு 75 நிமிடமும் எட்டுக் கருக்களுக்கு 56¼ நிமிடமும் ஆகும். கரு நான்கு மடங்கானாலும் பயன் நான்கு மடங்காவதில்லை. கட்டுரை தட்டச்சிடுதல், பாடக் காணொளி காணுதல், சிறு நிரல் எழுதிப் பழகுதல் ஆகிய மாணவர் பணிகளுக்கு எட்டுக் கரு பெரும்பாலும் மிகையே.

சர்வர் செயலிக்கு வேறு சிறப்புகளும் உண்டு. நெசவாளர் தார்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது போல, செயலி அடிக்கடி வேண்டும் தரவுகளைத் தன்னகத்தே சேர்த்துவைக்கும். அவ்விடத்தின் அளவு மடிக்கணினிச் செயலியில் 3 மெகாபைட். சர்வர் செயலியில் 20 மெகாபைட். நினைவகத்திலிருந்து தரவு வந்து பாயும் மடைகள் முன்னதற்கு இரண்டு, பின்னதற்கு நான்கு. கண்மாயில் நீர் எவ்வளவு இருப்பினும் வயலுக்குப் பாய்வது மடையின் அளவைப் பொறுத்ததன்றோ? மேலும், நினைவகத்தில் ஒரு பிட் பிறழ்ந்தால் அதனைத் தானே கண்டு திருத்தும் அமைப்பும் சர்வருக்கு உண்டு. இரவு பகல் ஓயாது கணக்கு வைக்கும் வங்கிக்கு இஃது இன்றியமையாதது.

இனிச் செலவைக் காண்போம். மடிக்கணினிச் செயலியின் வெப்ப அளவு 35 வாட். சர்வர் செயலியின் அளவு 115 வாட். பல சர்வர்களில் இத்தகைய செயலிகள் இரண்டு இருக்கும். முழுச் சர்வர் 300 வாட்டும், மடிக்கணினி 30 வாட்டும் இழுப்பதாகக் கொண்டு, நாள்தோறும் எட்டு மணி நேரம் இயக்கினால், முப்பது நாளில் முன்னதற்கு 72 யூனிட்டும் பின்னதற்கு 7.2 யூனிட்டும் ஆகும். இழுத்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். சித்திரை வெயிலில் கொதிக்கும் நம் வறண்ட நாட்டில், குளிரூட்டாத அறையில் அவ்வெப்பம் மேலும் ஒரு சுமை. மின்தடை நேர்ந்தால் சர்வர் உடனே நின்றுவிடும். நல்ல மின்கலம் உள்ள மடிக்கணினி தொடர்ந்து இயங்கும். அன்றியும், மடிக்கணினிச் செயலி திரைக்குப் படம் வரையும் பகுதியைத் தன்னுள்ளே கொண்டது. மேற்கூறிய ஸீயானில் அப்பகுதி இல்லை. இதைக் கொண்டு மேசைக் கணினி அமைப்பவர் அதற்கெனத் தனி அட்டை வாங்குதல் வேண்டும்.

காலமும் ஒரு நீதிபதி. 2017 இல் வெளிவந்த கோர் ஐ5-8250யூ என்னும் மடிக்கணினிச் செயலி 15 வாட் அளவே உடையது, கருக்கள் நான்கு. ஒரு கருவினாற் செய்யும் பணியில் அது 2012 ஆம் ஆண்டு ஸீயானை முந்தும். ஒரு துடிப்பிற் செய்யும் வேலை மிகுந்தமையே காரணம். எட்டுக் கருவுக்கும் நெடுநேரம் ஓயாத வேலை தந்தால் பழைய ஸீயானே இன்றும் முந்தும். இன்னொன்றும் அறிக: விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் 8250யூ உண்டு. முற்கூறிய இரண்டும் இல்லை. எனினும் அவற்றை வீணென்று எறிதல் வேண்டா. லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் அவற்றை இன்னும் சில ஆண்டு பயன்படச் செய்யும்.

ஆகவே, கடைக்காரர் கருவின் எண்ணிக்கையை மட்டும் கூறினாலும், கிகாஹெர்ட்ஸை மட்டும் கூறினாலும் மயங்காதீர்கள். செயலியின் முழுப்பெயர், வெளிவந்த ஆண்டு, வாட் அளவு ஆகிய மூன்றையும் கேட்டறியுங்கள். தனி மாணவன் வீட்டிற் பயில்வதற்கு மடிக்கணினியே ஏற்றது. ஒரு பள்ளியில் முப்பது மாணவர் ஒருங்கே பயன்படுத்தும் பாடத் தொகுப்பை ஓரிடத்தில் வைத்து வழங்குவதற்கோ, பல கணக்குகளை ஒருசேரச் செய்யும் கல்லூரி ஆய்வுக்கோ பழைய சர்வர் நன்கு உதவும். பணி யாதென முதலில் வரையறுத்துப் பின்னரே கருவியை நாடுங்கள். அவ்வாறு நாடுவோர் கைப்பொருள் வீண்போகாது.