பட்ட மரம் துளிர்க்குமா?

பல்லாண்டுகள் சர்வாதிகாரத்தின் பிடியில் சிக்கிய ஒரு நாடு மீண்டும் மக்களாட்சிக்குத் திரும்ப இயலுமா? அச்சத்திலேயே பிறந்து வளர்ந்த மக்கள் தம்மைத் தாமே ஆளக் கற்பரோ? இவ்வினாக்களுக்குப் போலந்து நாட்டின் வரலாறு விடை பகர்கின்றது.

1939-ஆம் ஆண்டில் ஹிட்லரின் படைகளும் ஸ்டாலினின் படைகளும் இருபுறமிருந்தும் புகுந்து அந்நாட்டைப் பங்கிட்டுக்கொண்டன. போர் முடிந்தபின் சோவியத் ஆதரவுடன் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைப் பற்றிக்கொண்டது. 1947-இல் நடந்த தேர்தல் முறைகேடுகளால் நிறைந்தது. பின்னர் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஒரே கட்சியின் ஆதிக்கம், ஏடுகளுக்குத் தணிக்கை, எதிர்த்தோர்க்குச் சிறை.

மரம் பட்டுப்போயிற்று என்றே பலரும் எண்ணினர். ஆனால் வேர் சாகவில்லை. குடும்பத்தையும் ஆலயத்தையும் தொழிலாளர் தோழமையையும் அரசால் முற்றிலும் விழுங்க இயலவில்லை. 1979 ஜூனில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் தாயகம் வந்தபோது இலட்சக்கணக்கானோர் திரண்டனர். தாம் தனியர் அல்லர் என்பதை அன்று அவர்கள் கண்கூடாகக் கண்டனர். மறு ஆண்டு ஆகஸ்டில் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. லேக் வலேசா என்னும் மின்பணியாளரின் தலைமையில் பிறந்த 'சாலிடாரிட்டி' சங்கத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேர்ந்தனர்.

1981 டிசம்பர் 13 அன்று ஜெனரல் யாருசெல்ஸ்கி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். சங்கத் தலைவர்கள் சிறைப்பட்டனர். தீமையை நன்மையால் வெல்ல வேண்டுமெனப் போதித்து வந்த அருட்தந்தை ஜெர்சி பொபியேலுஸ்கோ 1984 அக்டோபரில் இரகசியப் போலீசாரால் கொல்லப்பட்டார். அப்போதும் மக்கள் ஆயுதம் ஏந்தவில்லை.

பொருளாதாரம் சீர்குலைந்தது; சோவியத் தலைவர் கோர்பசேவும் படையனுப்ப விரும்பவில்லை. எனவே 1989 பிப்ரவரியில் சிறையிட்டோரும் சிறைப்பட்டோரும் வட்டமேசையில் எதிரெதிரே அமர்ந்தனர். ஜூன் மாதத் தேர்தலில் கீழவையில் போட்டிக்கு விடப்பட்ட 161 இடங்களையும், மேலவையின் 100 இடங்களுள் 99-ஐயும் சாலிடாரிட்டி வென்றது.

ஆனால், அன்பர்களே, உண்மையான சோதனை வெற்றிக்குப் பின்னரே வந்தது. விலைவாசி ஏறிற்று, ஆலைகள் மூடப்பட்டன, வேலையின்மை பெருகியது. 1995-இல் குடியரசுத் தலைவர் வலேசா, முன்னாள் பொதுவுடைமைக் கட்சியினரான குவாஸ்னியெவ்ஸ்கியிடம் தோற்றார். தோற்றவர் படையை அழைக்கவில்லை; பதவியை விட்டு இறங்கினார். வென்றவரும் பழைய சிறைகளைத் திறக்கவில்லை. 1997-இல் புதிய அரசியலமைப்பை மக்கள் வாக்களித்து ஏற்றனர். 2015-க்குப் பின் நீதிமன்றங்களின் சுதந்திரம் குறித்துக் கடும் பூசல் எழுந்தபோதும், 2023-இல் வாக்குச்சீட்டே ஆட்சியை மாற்றியது.

ஆகவே, பட்ட மரமும் துளிர்க்கும். வேர் உயிரோடிருக்க வேண்டும். வெல்லும் ஆற்றல் மட்டும் போதாது. தோல்வியை ஏற்கும் பண்பும் வேண்டும். அவ்வேர் நம் இல்லங்களிலேயே ஊன்றப்படுகின்றது. மாற்றுக் கருத்துரைக்கும் பிள்ளையைப் பொறுமையோடு கேட்கும் தந்தையும், பங்குச் சங்கத் தேர்தலில் தோற்றபின்னும் மறு ஞாயிறு வென்றவரோடு தோள்கொடுத்து உழைப்பவரும் அதற்கு நீர் வார்க்கின்றனர்.