டி-ஷர்ட்டை போட்டோ எடுத்தால் ‘வானவில் கோடு’ வருவது ஏன்? திருப்பூரில் கேமரா வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிரே மெலாஞ்ச் டி-ஷர்ட். நேரில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. அதையே போட்டோ எடுத்து ஆன்லைனில் ஏற்றினால், நெஞ்சுப் பகுதியில் பச்சையும் பிங்க்குமாக வளைவு வளைவாகக் கோடுகள். பெரிதாக்கிப் பார்த்தால் மறைகிறது. சின்னதாக்கினால் மறுபடி வருகிறது. திருப்பூரில் சொந்தமாக ஆன்லைன் பிராண்டு நடத்தும் இளைஞர்களுக்கும், பையருக்கு சாம்பிள் போட்டோ அனுப்பும் மெர்ச்சண்டைசர்களுக்கும் இது பழகிப்போன தலைவலி.

உடனே வரும் பதில்: “கேமரா பழசு ப்ரோ, ஃபுல் ஃபிரேமுக்கு மாறிடுங்க.” ஒன்றரை, இரண்டு லட்சம் செலவு செய்து புது பாடி வாங்கிய பிறகும் கோடு போகவில்லை என்றால்? சில சமயம் முன்பைவிட அதிகமாகவே தெரியும். காரணம், பிரச்சினை கேமராவின் வயதில் இல்லை. துணியின் பின்னலில் இருக்கிறது.

இரண்டு கொசுவலை கதை

இரண்டு கொசுவலைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்து லேசாக நகர்த்திப் பாருங்கள். எந்த வலையிலும் இல்லாத அலை அலையான கோடுகள் தோன்றும். இதற்குப் பெயர் ‘மொய்ரே’. நீரலை போல மினுங்கும் ஒருவகைப் பட்டுத் துணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர் இது. கேமராக்காரர்கள் அதை ஜவுளிக்காரர்களிடமிருந்துதான் கடன் வாங்கினார்கள்.

கேமரா சென்சார் ஒரு வலை. பிக்சல்கள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்னலாடையும் ஒரு வலைதான். 24 கேஜ் நிட்டிங் மெஷினில் அங்குலத்துக்கு 24 ஊசிகள். மெஷினை விட்டு வந்த துணி சுருங்கி, டையிங், காம்பாக்டிங் எல்லாம் முடிந்து வரும்போது நெடுக்காகப் போகும் லூப் வரிசைகள் இன்னும் நெருங்கிவிடும். கணக்குக்கு அங்குலத்துக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 12 வரிசை.

இப்போது 24 மெகாபிக்சல் கேமராவை நெடுக்காகப் பிடித்து மாடலை முழு உருவமாக எடுக்கிறோம். உயரத்தில் 6,000 பிக்சல். ஆளின் உயரம் 170 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 35 பிக்சல், அதாவது ஒரு லூப் வரிசைக்கு ஏறக்குறைய 3 பிக்சல். ஒரு வரிசையைத் தெளிவாகப் பதிவு செய்ய குறைந்தது 2 பிக்சல் வேண்டும். 3 இருக்கிறதே, போதும்தானே?

போதாது. கலரில்தான் சிக்கல். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கும்; பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மற்ற இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களை வைத்து கேமரா ஊகித்துக்கொள்ளும். சிவப்பு பிக்சல் ஒன்று விட்டு ஒன்றுதான் வருவதால், சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரு வரிசைக்கு 4 பிக்சல் தேவைப்படுகிறது. நம் கணக்கில் வந்தது 3. ஊகம் தப்புகிறது. கிரே டி-ஷர்ட்டில் பச்சையும் பிங்க்கும் முளைப்பது அங்கேதான்.

அதே டி-ஷர்ட்டை மட்டும் டம்மியில் மாட்டி ஃபிரேம் நிறைய எடுத்தால் ஒரு வரிசைக்கு 5 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். கோடு பெரும்பாலும் இருக்காது. கேமராவை மாற்றாமல், தூரத்தை மட்டும் மாற்றினாலே கதை மாறுகிறது.

விலை கூடினால் கோடும் கூடுமா?

2012-ல் நிக்கான் ஒரே கேமராவை இரண்டு வடிவங்களில் விற்றது: டி800, டி800இ. இரண்டிலும் 36.3 மெகாபிக்சல். வித்தியாசம் ‘லோ-பாஸ் ஃபில்டர்’ விஷயத்தில்தான். சென்சாருக்கு முன்னால் இருந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் படத்தை மங்கலாக்கி மொய்ரேயைத் தடுப்பது அதன் வேலை. டி800இ-யில் அதன் விளைவை நீக்கியிருந்தார்கள். படம் கூடுதல் ஷார்ப். அமெரிக்காவில் விலையும் 300 டாலர் கூடுதல். ஆக, மலைக்காட்சி எடுப்பவருக்கு வரம். பின்னலாடை எடுப்பவருக்கு காசு கொடுத்து வாங்கும் கோடு!

அதன் பிறகு ஷார்ப்னஸ்தான் விற்கிறது என்று தெரிந்துபோனதால், பல கம்பெனிகள் பல மாடல்களில் இந்த ஃபில்டரையே எடுத்துவிட்டன. ஃபியூஜிஃபில்ம் வேறு வழியில் போனது. 2012-ல் வந்த எக்ஸ்-ப்ரோ1 கேமராவில், நிற அடுக்கை 6-க்கு 6 கட்டமாகக் கலைத்துப்போட்டு, லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமலேயே மொய்ரேயைக் குறைக்கப் பார்த்தது.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை மெகாபிக்சல்?’ அல்ல; ‘லோ-பாஸ் ஃபில்டர் இருக்கா?’ என்பதுதான். இருக்கிற கேமரா ஷார்ப்னஸில் ஒரு பிடி குறைவாகத் தெரியலாம். ஆன்லைன் பட்டியலில் அந்த ஒரு பிடியை யாரும் பார்க்கப்போவதில்லை.

கையில் இருப்பது ஃபில்டர் இல்லாத கேமராவா? விற்க வேண்டாம். லென்ஸின் துளையைக் குறைத்து எஃப்/16 பக்கம் கொண்டுபோனால், ஒளியின் சிதறலே ஒரு லோ-பாஸ் ஃபில்டர் மாதிரி வேலை செய்யும். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் இந்த வித்தை நன்றாகவே எடுபடும். இன்னொரு வழி, அரை அடி முன்னே பின்னே நகர்ந்து இரண்டு மூன்று ஷாட் எடுத்து வைப்பது. மேஜையில் பரப்பி எடுக்கும் படங்களுக்கு ‘பிக்சல் ஷிஃப்ட்’ வசதி கைகொடுக்கும். சென்சாரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி நான்கு படம் எடுத்து இணைப்பதால் ஊகத்துக்கு இடமில்லை. ஆனால், ஆள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டுக்கு இது உதவாது. மூச்சு விட்டாலே துணி நகர்ந்துவிடும்.

இன்னொரு மறைவான இடமும் உண்டு. கேமராவில் சுத்தமாக இருக்கும் படம், 1,000 பிக்சலுக்குச் சுருக்கும்போது கெட்டுப்போகலாம். அப்போது ஒரு லூப் வரிசைக்கு அரை பிக்சல்கூடக் கிடைப்பதில்லை. போனில் ‘குயிக் ரீசைஸ்’ செய்யும் ஆப்களை விட்டுவிட்டு, எடிட்டிங் சாஃப்ட்வேரில் சுருக்கிப் பார்த்து ஏற்றுவது நல்லது.

ஷேட் மாறினால் ரிட்டர்ன்

கோடாவது கண்ணுக்குத் தெரிகிறது. கலர் தப்பு கஸ்டமர் பார்சலைப் பிரிக்கும்வரை தெரியாது. படத்தில் மெரூன், கையில் பிரவுன். அடுத்த நிமிஷம் ரிட்டர்ன். போக்குவரத்துச் செலவு விற்றவர் தலையில்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லேப் டிப் அப்ரூவலுக்கு லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது இங்கே அன்றாட வேலை. ஒரு லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு ஷேட், இன்னொரு லைட்டில் வேறாகத் தெரியும் என்பது மெர்ச்சண்டைசர்களுக்கு அத்துப்படி. ஆனால் அதே கம்பெனியில் போட்டோ எடுக்கும்போது? ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், டியூப் லைட் மேலே, ஆன்லைனில் வாங்கிய ரிங் லைட் முன்னால். மூன்று லைட், மூன்று ஷேட்.

மலிவான எல்இடி-களில் சிவப்பு அலைவரிசை பலவீனமாக இருக்கும். பெட்டியில் ‘சிஆர்ஐ 80’ என்று போட்டிருந்தால் மெரூனும் ஆரஞ்சும் செத்துப்போய்த் தெரிவதற்கு வாய்ப்பு அதிகம். 95-க்கு மேல் இருப்பதைத் தேடுங்கள். ‘ஆர்9’ என்ற மதிப்பு தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள். அடர் சிவப்புக்கான மார்க் அது. ஒவ்வொரு செட்டப்பிலும் முதல் ஷாட்டில் ஒரு கிரே கார்டு அல்லது 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர் செக்கர் அட்டையை வைத்து எடுத்து, ரா ஃபைலில் அதை வைத்தே வொயிட் பேலன்ஸ் செய்தால், பாதி சண்டை முடிந்தது.

மீதிப் பாதி துணியின் சேட்டை. வெள்ளை பனியனில் பளிச்சென்று தெரிவதற்காக ஆப்டிகல் வொயிட்னர் ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும் ரசாயனம் அது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் புற ஊதா கலந்திருந்தால் அந்த வெள்ளை நீலம் பூத்துவிடும். துணியின் வெள்ளையை வைத்து வொயிட் பேலன்ஸ் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

கறுப்பு இன்னும் சுவாரஸ்யம். 2006-ல் லைக்கா நிறுவனம் எம்8 என்ற விலை உயர்ந்த கேமராவை வெளியிட்டது. வாங்கியவர்கள் எடுத்த படங்களில் கறுப்பு சிந்தெடிக் துணிகள் ஊதாவாக விழுந்தன. அந்தத் துணிகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நன்றாகவே பிரதிபலிக்கும். எம்8-ல் அதைத் தடுக்கும் ஃபில்டர் மெல்லிசு. கடைசியில் வாங்கியவர்களுக்கு லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர்கள் இரண்டை லைக்கா இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய கேமராக்களில் இந்தத் தடுப்பு வலுவானது. ஆனாலும் பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ்வேர் எடுப்பவர்கள் ஹாலோஜன் விளக்கைத் தவிர்ப்பது நல்லது. அகச்சிவப்பை அள்ளிக் கொட்டும் விளக்கு அது.

பாடியா, லென்ஸா?

போனில் எடுத்த டி-ஷர்ட் தொப்பை போட்டது போலத் தெரிகிறதா? தூரம்தான் காரணம். டம்மியின் தோள்பட்டையைவிட நெஞ்சு 12 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். 60 சென்டிமீட்டரில் நின்று எடுத்தால் நெஞ்சு 20% பெரிதாகத் தெரியும். இரண்டரை மீட்டர் தள்ளி நின்றால் 5% மட்டுமே. அவ்வளவு தள்ளி நின்று ஃபிரேமை நிரப்ப, கிராப் சென்சார் கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போதும். எஃப்/1.8 வரை திறக்கும் விலை குறைந்த 50 எம்எம் கிட்டத்தட்ட எல்லா கம்பெனியிலும் உண்டு. அதை எஃப்/1.8-ல் எடுக்காதீர்கள் என்பதுதான் முக்கியம். காலர் ஷார்ப்பாகவும் ஓரம் மங்கலாகவும் விழும். எஃப்/8-ல் தொடங்குங்கள். லேபிள், எம்பிராய்டரி, பிரிண்ட் விரிசல் எல்லாம் காட்ட வேண்டும் என்றால் அடுத்த செலவு 90 அல்லது 100 எம்எம் மேக்ரோ.

பாடியை செகண்ட்ஸில் வாங்கலாம். தினம் 40 பீஸ், பீஸுக்கு 10 கிளிக் என்றால் மாதம் 25 நாளில் 10,000 கிளிக். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் ஷட்டர்கள் பொதுவாக ஒரு லட்சம் கிளிக் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. உங்கள் வேலைக்கு அது பத்து மாதக் கணக்கு. கிலோமீட்டர் பார்த்து பைக் வாங்குவது போல, ஷட்டர் கவுண்ட் பார்த்து வாங்குங்கள். மிரர்லெஸ் கேமராவின் எலெக்ட்ரானிக் ஷட்டர் தேயாது. ஆனால் சில எல்இடி-களுக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாக விழும்.

லென்ஸ் வாங்கும்போது மவுன்ட்டைக் கவனியுங்கள். நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-லும், கேனனின் இஎஃப் 1987-லும் வந்தவை. செகண்ட்ஸ் சந்தையில் லென்ஸ்கள் கொட்டிக் கிடக்கின்றன. இரு கம்பெனிகளும் 2018-ல் புது மிரர்லெஸ் மவுன்ட்டுக்கு மாறிவிட்டன. அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸைப் பயன்படுத்தலாம். ஆனால், நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லாததால், பாடியின் மோட்டாரை நம்பியிருந்த பழைய லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

வாரநாளில் டி-ஷர்ட், ஞாயிற்றுக்கிழமை நஞ்சராயன் குளத்தில் பறவை என்று ஒரே பாடியில் இரண்டு வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்தக் குளத்துக்கு 50 எம்எம் பயன்படாது. நீளமான டெலி வேண்டும். பாடியைப் பொறுத்தவரை பறவை இறகும் பின்னல் துணி மாதிரிதான், அதிலும் மொய்ரே வரும்.

ஆக்சஸரீஸ் என்றதும் பலரும் ஃபில்டர், பேக் என்று போவார்கள். பீஸ் எடுப்பவருக்கு வரிசையே வேறு: ஆடாத ட்ரைபாட், தரையில் இடம் குறிக்க டேப், இரண்டு லைட், சாஃப்ட் பாக்ஸ், ஸ்டீமர், பஞ்சு எடுக்கும் லின்ட் ரோலர். கடைசி இரண்டும் இல்லாமல் எவ்வளவு விலை லென்ஸ் போட்டாலும் சுருக்கமும் நூலும்தான் ஷார்ப்பாகத் தெரியும்.

பஞ்சு என்றதும் இன்னொன்று. நிட்டிங், கட்டிங் நடக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். காற்றில் மிதக்கும் தூசி சென்சாரில் போய் உட்காரும். எஃப்/2.8-ல் தெரியாத அந்தப் புள்ளிகள், மொய்ரேக்காக எஃப்/16-க்குப் போகும்போது கறுப்பாகக் கண்ணில் குத்தும். கையால் அமுக்கும் ஏர் ப்ளோயர் ஒன்று பையில் இருக்கட்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படும்.

கடைக்குப் போகும்போது உங்கள் துணிகளையே எடுத்துப் போங்கள்: ஒரு கிரே மெலாஞ்ச் சிங்கிள் ஜெர்சி, ஒரு நெருக்கமான ஸ்ட்ரைப், வெள்ளை பனியன் ஒன்று, கறுப்பு பாலியஸ்டர் ஒன்று. கூடவே ஒரு காலி மெமரி கார்டு. மூன்று தூரங்களில் எடுத்து, கேமராவின் குட்டி ஸ்கிரீனில் முடிவு செய்யாமல், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் 100% பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு 1,000 பிக்சலுக்குச் சுருக்கி போனிலும் ஒருமுறை பாருங்கள். உங்கள் கஸ்டமர் பார்ப்பது அதைத்தான்.