ஒரு நாளைக்கு ஒரு தையல்

தமிழில் ‘தையல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. ஊசியும் நூலும் கொண்டு துணியை இணைப்பது தையல். அறுவைச் சிகிச்சையின் முடிவில் மருத்துவர் காயத்தின் வாயை மூடுவதும் தையல். அழகிய பெண்ணையும் நம் முன்னோர் தையல் என்றே அழைத்தனர். இந்த மூன்றாவது பொருளில்தான், புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீஸ்வரன்கோயிலில், பிணி தீர்க்கும் வைத்தியநாதப் பெருமானின் தேவியாகத் தையல்நாயகி எழுந்தருளியிருக்கிறாள். நோய் நீங்க வேண்டி அவள் சந்நிதியில் நிற்கும் பெண்களுள் பலருக்கு, ஒரு காலத்தில் தையற்கலை கைவந்த கலையாக இருந்திருக்கும்.

அவர்களுடைய தையல் இயந்திரம் இன்றும் கூடத்தின் மூலையில் இருக்கிறது. அதன்மேல் ஒரு விரிப்பு. விரிப்பின்மேல் பழைய நாளிதழ்களும் மருந்துப் பெட்டியும். ஆண்டுக்கு ஒரு முறை ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் கிடைக்கும். மறுநாள் மீண்டும் விரிப்பு மூடிவிடும். மகளுக்குப் பாவாடை சட்டையும் தமக்கு ரவிக்கையும் தைத்த கைகள், மூட்டுவலியாலோ நீரிழிவாலோ நெடுநாள் சிகிச்சையாலோ ஓய்ந்து மடியில் கிடக்கின்றன.

நெடுநாள் நோயின் கொடுமை வலி மட்டுமன்று. நேற்றுவரை வீட்டார் அனைவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தவர், இன்று எல்லாவற்றையும் பிறரிடமிருந்து வாங்குபவராகிவிடுகிறார். தண்ணீரும் மாத்திரையும் துணையும் பிறர் தர வேண்டியிருக்கிறது. “அம்மா, உனக்கெதற்கு இந்த வேலை? பேசாமல் படுத்துக்கொள்” என்று பிள்ளைகள் சொல்வது அன்பினால்தான். ஆயினும் அந்தச் சொல்லில், ‘இனி உன்னால் ஆவது ஒன்றுமில்லை’ என்னும் ஒலியும் நோயுற்றவரின் செவியில் விழுகிறது. கொடுக்கும் நிலையிலிருந்து வழுவியவரை மீண்டும் அந்நிலையில் அமர்த்த, ஊசியும் நூலும் உதவக்கூடும். தைக்கும் ஆடை இறைவனுக்கு என்று ஆகும்போது அந்த உதவி இன்னும் பெரிதாகிறது.

பட்டத்திரி காட்டிய அளவு

வாத நோயால் வாடிய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி, குருவாயூரப்பன் சந்நிதியில் அமர்ந்து நாராயணீயம் இயற்றிய வரலாற்றை நாம் அறிவோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் கொண்ட அந்த நூல் 100 தசகங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் ஒரு தசகமாக, நூறு நாளில் அவர் அதை நிறைவு செய்தார் என்பது மரபு.

பட்டத்திரி நோய் நீங்கப் பெற்றார் என்பதையே நாம் பெரிதும் பேசுகிறோம். அவர் கடைப்பிடித்த அளவையும் நாம் கருத வேண்டும். நோயுற்ற உடம்பு பெரும்பணி முழுவதையும் ஒரே மூச்சில் தாங்காது. ஒரு நாளின் பங்கைத் தாங்கும். அந்தப் பங்கு முடிந்ததும் அன்றைய வழிபாடும் முடிந்தது. நம் நோய் அவருடைய நோயைப் போலவே தீரும் என்று யாரும் வாக்களிக்க இயலாது. ஆனால், ‘இன்றைக்கு இவ்வளவு’ என்று வகுத்துக்கொள்ளும் அவருடைய முறையை எந்த நோயாளியும் கைக்கொள்ளலாம். தையல் அதற்கு மிகவும் ஏற்ற வேலை. பாதியில் நிறுத்தினால் சமையல் கெடும். கோலம் குறையாக நிற்கும். துணியோ மடித்து வைத்த இடத்தில் மறுநாள் வரை காத்திருக்கும்.

ஆடை தந்த அடியார்கள்

ஆடையைத் தொண்டாக்கிய அடியார்கள் நம் மரபில் உண்டு. அறுபத்துமூவருள் ஒருவரான நேச நாயனார் காம்பீலி நகரில் வாழ்ந்த நெசவாளர். உள்ளம் ஈசனை நினைக்க, நா ஐந்தெழுத்தை ஓத, கைகள் தறியில் இயங்கின. தாம் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் சிவனடியார்க்கு வழங்கியதே அவருடைய தொண்டு. அதன் பயனாகவே அவர் நாயன்மார் வரிசையில் இடம்பெற்றார்.

பண்டரிபுரத்துப் பாண்டுரங்கனின் அடியாரான நாமதேவர் தையற்காரர் குடியில் தோன்றியவர். தம் குலத்தொழிலின் கருவிகளையே உவமையாக்கிப் பக்தியைப் பாடியவர். சீக்கியர்களின் குரு கிரந்த சாகிப்பிலும் அவருடைய பாடல்கள் இடம்பெற்றுள்ளன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் 108 போர்வைகள் சாற்றும் வைபவம் நடைபெறுகிறது. உலகையெல்லாம் காக்கும் இறைவனுக்கும் குளிருமே என்று கவலைப்படுவது பக்தியின் இயல்பு. நோயில் கிடப்பவருக்குப் போர்வையின் அருமை நன்றாகத் தெரியும். தமக்குக் குளிர்ந்தபோது பிறர் போர்த்திவிட்டதை நினைப்பவருக்கு, இறைவனுக்கு ஓர் ஆடை தைக்கும் எண்ணம் எளிதில் கைகூடும்.

ரவிக்கைத் துண்டில் ஒரு பாவாடை

தொடங்குவதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. நவராத்திரியிலும் வரலட்சுமி விரதத்திலும் சுமங்கலிகள் வெற்றிலை பாக்குடன் பெற்ற ரவிக்கைத் துண்டுகள் நம் அலமாரியில் அடுக்காக இருக்கும். இறைவனுக்கு உடுத்திய துணி ஆகாது. புதுத் துணியே வேண்டும். இந்தத் துண்டுகளோ உடுத்தப்படாதவை, மங்கலமாக வந்தவை. அவற்றுள் ஒன்றே போதும்.

பூஜை அறையிலுள்ள அம்பிகையின் விக்கிரகத்திற்கு இடைச்சுற்று 8 அங்குலம், இடையிலிருந்து பீடம் வரை உயரம் 6 அங்குலம் என்று கொள்வோம். கொசுவம் அழகாக விழ, இடைச்சுற்றைப் போல் மூன்று மடங்கு அகலம் வேண்டும். அதாவது 24 அங்குலம். இரு ஓரங்களையும் அரை அங்குலம் மடிக்க மேலும் 1 அங்குலம். ஆகமொத்தம் 25 அங்குல அகலம். நீளத்திற்கு 6 அங்குலத்துடன், மேலே நாடா கோக்கும் மடிப்புக்கு 1 அங்குலமும் கீழ்மடிப்புக்கு 1 அங்குலமும் சேர்த்து 8 அங்குலம். 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டு ஏறக்குறைய 31 அங்குலம் இருக்கும். ஆகவே அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பாவாடைகள் தைக்கலாம்.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பீடத்தோடு கூடிய விக்கிரகத்திற்குப் பாவாடையைக் கால்வழியே ஏற்ற இயலாது. இடையில் சுற்றிப் பின்புறம் நாடாவால் கட்ட வேண்டும். எனவே, பாவாடையின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று இணைக்காமல் தனித்தனியே மடித்துத் தைத்துத் திறந்தே விட வேண்டும். இதனால் வேலையும் எளிதாகிறது. எல்லாம் நேர்த்தையலே.

இதனை ஒரு வாரத்திற்குப் பங்கிடுவோம். சனிக்கிழமை அளவு எடுப்பது, ஞாயிற்றுக்கிழமை வெட்டுவது, திங்கட்கிழமை இரு ஓரங்கள், செவ்வாய்க்கிழமை கீழ்மடிப்பும் சரிகைக் கரையும், புதன்கிழமை மேல்மடிப்பு, வியாழக்கிழமை நாடாவை ஊக்கில் மாட்டிக் கோத்துக் கொசுவத்தை ஒழுங்கு செய்வது. வெள்ளிக்கிழமை காலையில் அம்பிகைக்கு அது புத்தாடை. எந்த நாளின் பங்கும் அரை மணிக்கு மேல் நீள வேண்டியதில்லை. ஒரு நாள் உடம்பு இடங்கொடுக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கிறது. அம்பிகை அவசரப்படுத்த மாட்டாள்.

ஆசாரமும் ஆரோக்கியமும்

இறைவனுக்கான தையலில் பெரியோர் கடைப்பிடித்த முறைகள் சில உண்டு. அவற்றுள் பல, நோயுற்றவரின் உடல்நலத்திற்கும் ஏற்றவையாகவே அமைந்திருக்கின்றன.

நூல் முனையை வாயில் வைத்து நனைத்து ஊசியில் கோப்பது நம் வழக்கம். இறைவனின் ஆடைக்கு எச்சில் படலாகாது. ஆகவே நூல் முனையைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி, ஒரு சொட்டு நீர் தொட்டுக் கோக்க வேண்டும். பார்வை மங்கியவர்கள், மெல்லிய கம்பி வளையத்துடன் கடைகளில் கிடைக்கும் நூல் கோக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். நூலைப் பல்லால் கடித்து அறுப்பதும் ஆகாது. அது பல்லுக்கும் நல்லதன்று.

குத்திய விரலின் குருதி பட்ட துணி இறைவனுக்கு உதவாது. தையற்காரர்கள் ‘அங்குஸ்தான்’ என்று சொல்லும் விரலுறையை அணிந்தால் அந்தக் குறை நேராது. உடல்நலத்தின் பொருட்டும் அது அவசியம். நீரிழிவினால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு ஊசி குத்தியதே தெரியாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குச் சிறு குத்தும் நெடுநேரம் கசியும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்து அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள், அந்தப் பக்கத்துக் கையில் காயம் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். கீமோதெரபி நடைபெறும் காலத்தில் கிருமித்தொற்று எளிதில் பற்றும் என்பதால், மருத்துவரைக் கேட்ட பிறகே ஊசியைத் தொட வேண்டும்.

விளக்கு வைத்த பின் ஊசி எடுக்கலாகாது என்பார் நம் பாட்டிமார். அது கண்ணைக் காக்கும் விதியும் ஆகும். பகல் வெளிச்சத்தில், சாளரத்தின் அருகே, வலக்கைப் பழக்கமுள்ளவர் இடப்புறத்திலிருந்து ஒளி விழுமாறு அமர்ந்தால், கையின் நிழல் தையலின்மேல் விழாது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் மூட்டுகள் விறைத்திருக்கும். விறைப்புத் தளர்ந்த பின் முற்பகலில் தொடங்குவது நலம். கத்தரிக்கோலின் பிடியில் மெல்லிய துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் விரல்களுக்கு வலி குறையும். வெட்டும் வேலையை வேறொருவர் செய்து கொடுத்தாலும் குற்றமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மிதிப்பதைத் தவிர்த்து, இயந்திரத்தில் மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். இருபது நிமிடத்திற்கு ஒரு முறை எழுந்து நாலடி நடந்து, கழுத்தையும் தோளையும் தளர்த்திக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் தையலின் ஈடுபாட்டில் உணவு வேளையையும் மருந்து வேளையையும் தவற விடக் கூடாது. வலி மிகுந்தாலும் மூட்டு வீங்கினாலும் அன்று ஓய்வே வழிபாடு. தையல் மனத்திற்குத் துணையாகும், மருந்துக்கு மாற்றாகாது.

கால் போகாத இடத்திற்குக் கை போகும்

தைத்த ஆடை முதலில் வீட்டுப் பூஜை அறைக்குச் செல்லட்டும். தவழும் கண்ணனுக்கு ஒரு சிறு மேலாடை தைக்கலாம். வரலட்சுமி விரதத்துக் கலசத்திற்கு ஒரு பாவாடை தைக்கலாம். நவராத்திரி கொலுவில் வைக்கும் மரப்பாச்சித் தம்பதியருக்கு ஆண்டுதோறும் புத்தாடை உடுத்துவது நம் வழக்கம். அவர்களுக்கான உடைகளைப் பேரக்குழந்தைகளை அருகில் அமர்த்திக்கொண்டு தைக்கலாம். குழந்தை ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும். பாட்டி கதை சொல்வார். கண்ணொளி உள்ளவரும் கைப்பழக்கம் உள்ளவரும் ஒருவருக்கொருவர் உதவும் காட்சி அது.

கோயிலுக்குத் தைத்துக் கொடுக்க விரும்பினால், முன்னதாகவே குருக்களையோ பட்டாச்சாரியாரையோ கேட்டு அறிய வேண்டும். எந்தத் திருமேனிக்கு எந்த ஆடை, எந்த நிறம், தைத்த ஆடையைச் சாற்றுவது உண்டா என்பன கோயிலுக்குக் கோயில் மாறுபடும். அளவையும் அவர்களே சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்தால், அதைவிடப் பெரிய மருந்து மனத்திற்கு வேறில்லை. படியேற முடியாமல், வரிசையில் நிற்க முடியாமல், பல மாதங்களாகச் சந்நிதியைக் காணாதவர் ஒருவர் தைத்த பாவாடையை அம்பிகை உடுத்தி நிற்பாள். மகனோ மருமகளோ தீபாராதனையைத் தரிசித்துவிட்டுத் திரும்பி வந்து, “உங்கள் பாவாடையைத்தான் இன்றைக்குச் சாற்றியிருந்தார்கள்” என்று சொல்லும்போது, கோயிலுக்குப் போகாதவரும் போய் வந்தவராகிறார்.

வீட்டார்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள். வேலையைச் சுமத்தவும் செய்யாதீர்கள். நன்றாகத் தைக்கிறாரே என்று அக்கம்பக்கத்தாரின் கிழிசல்களையெல்லாம் கொண்டுவந்து குவித்தால், வழிபாடு பாரமாகிவிடும். சாளரத்தருகே ஒரு நாற்காலியும், தூசு தட்டி எண்ணெயிட்ட இயந்திரமும், குறுக்கிடாத அரை மணி நேரமும் அமைத்துக் கொடுங்கள். கோணலாக விழுந்த தையலைச் சுட்டிக்காட்டாதீர்கள். நடுங்கும் கை போட்ட தையல் அது. யார் கை என்று அம்பிகைக்குத் தெரியும்.

கூடத்து மூலையில் இருக்கும் அந்த விரிப்பை எடுக்க அடுத்த ஆயுத பூஜை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை அளவு மட்டும் எடுத்தால் போதும். மற்றவற்றை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.