விளையாட்டுப் பெட்டியிற் பொத்தான் அமைப்பு

கருவி செய்வோர் முதற்கண் அறியற்பாலது, அதனைக் கையாளும் உறுப்பின் இயல்பேயாம். எழுத்தாணியின் பருமன் விரலுக்கு இசைந்ததும், உளியின் பிடி உள்ளங்கைக்கு அடங்கியதும் இதுபற்றியே. காசிட்டு ஆடும் ஆர்க்கேட் பெட்டி போன்றதொன்றை இல்லத்தே இயற்ற விரும்புவார்க்கும் இவ்விதி பொருந்தும். திரையும் கணிப்பொறியும் விலைக்குக் கிடைப்பன. பொத்தான்களை எங்ஙனம் நிரல்படுத்துவது என்பதோ அவரவரே ஆராய்ந்து துணிய வேண்டுவது. அதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்தனை பொத்தான் வேண்டும் என்பது முதல் வினா. ஆடக் கருதும் ஆட்டங்களே இதற்கு விடை கூறும். 1980-இல் ஜப்பானில் தோன்றிய பாக்மேனுக்கு நாற்றிசையும் அசையும் கைப்பிடி ஒன்றே போதும். 1981-இல் வந்த டாங்கி காங், தாவுதற்கு ஒரு பொத்தானை வேண்டிற்று. 1979-இல் அட்டாரி நிறுவனத்தார் வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸோ, கைப்பிடி இன்றி ஐந்து பொத்தான்களாலேயே நடப்பது. 1991-இல் வெளிவந்த இரண்டாம் ஸ்டிரீட் ஃபைட்டருக்கு ஆறு பொத்தான்கள் வேண்டும். மேல்வரிசை மூன்றும் கைக்குத்தின் மென்மை, இடைமை, வன்மைகளுக்கும், கீழ்வரிசை மூன்றும் உதைக்கும் அம்முறையே உரியன. ஆறு அமைப்பின், குறைந்த பொத்தான் வேண்டும் ஆட்டங்கள் பலவும் அதனுள் அடங்கும்.

நிற்க, இனி இடம்பற்றிய வினா. சென்ற விடுமுறையில் என் இளவலும் யானும் ஒரு பெட்டி செய்யப் புகுந்தோம். அளவுகோலை நம்பி, 45 மில்லிமீட்டர் இடையிட்டு, நேர்கோட்டில் இரு வரிசையாக ஆறு துளைகளை யானே இட்டேன். பார்வைக்கு அது மிக அழகியது. ஆயின் சிறிது பொழுது ஆடியதும் எனக்கு மணிக்கட்டு நொந்தது. பன்னீராட்டைச் சிறுவனாகிய இளவலுக்கோ மூன்றாம் பொத்தான் எட்டவேயில்லை. அவன் ஒன்றும் கூறாது, எழுந்து அப்பாற் சென்று, யான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்பொருட்டு எடுத்த முயற்சி அவனையே புறத்தே நிறுத்தியது.

பிழை யாது? சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றும் நீளத்தால் ஒவ்வாதன. கையை இயல்பாகப் பலகைமேல் வைத்தால் அவற்றின் நுனிகள் வில்போல் வளைந்து நிற்கும், நேர்கோட்டில் நில்லா. ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றில் சுட்டுவிரற் பொத்தான் சற்றே தாழ்ந்தும், நடுவிரற் பொத்தான் உயர்ந்தும் இருத்தல் இதனாலன்றோ!

ஆதலின் இரண்டாம் முறை பலகையைத் தொடுமுன் தடித்த அட்டை ஒன்றை எடுத்தோம். இளவல் கண்மூடிக் கையை வைக்க, அவன் விரல்நுனிகளைச் சுற்றிக் கரிக்கோலால் வரைந்தோம். என் கையை ஏன் அளந்திலேம் எனின், விரிந்த கை குவிதல் எளிது. சிறிய கை தன் அளவின் மேல் விரிதல் அரிது. 30 மில்லிமீட்டர்த் துளைக்குரிய பொத்தான்களின் விளிம்பு ஒன்றோடொன்று முட்டாதிருக்க, மையத்திற்கு மையம் 36 மில்லிமீட்டர் விட்டோம். அட்டையில் துளையிட்டுப் பொத்தான்களைப் பொருத்தி, இருவரும் மாறிமாறி ஆடுவதுபோல் அழுத்திப் பார்த்த பின்னரே மரத்திற்குச் சென்றோம். அட்டை கெடின் வேறோர் அட்டை. மரத்தில் இட்ட துளையை மீட்டல் இயலாது.

வேறு சிலவும் கருதத்தக்கன. ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானும், நாணயத்திற்கு ஈடான பொத்தானும் உள்ளங்கை தீண்டாத சேய்மையில் இருத்தல் வேண்டும். மணிக்கட்டு ஊன்ற முன்புறத்தே இடம் விடுதல் வேண்டும். பொத்தானின் அடியில் தொங்கும் சிறு விசையும் கம்பிகளும் பெட்டியின் சட்டத்தில் முட்டாமையைக் கீழிருந்தும் நோக்குக. துளையிடுங்கால் அடியில் கழிவுப் பலகையொன்றை இறுகப் பொருத்தின், மறுபுறம் சிம்பு பெயராது.

இப்பொழுது எங்கள் பெட்டியின் பொத்தான்கள் கோணியனபோற் காண்போர்க்குத் தோன்றும். ஆயினும் இளவல் அதன்முன் நின்று என்னைப் பன்முறை வென்றுவிட்டான். அளவுகோலுக்கு நேராயது கைக்குக் கோணலாதலும், கைக்கு நேராயது கண்ணுக்குக் கோணலாதலும் உண்டு. கருவி செய்வார் கையின் பக்கமே நிற்பாராக.