டீசல் லோகோவும் 92 சதவீதக் கணக்கும்

அகல ரயில் பாதைகள் அனைத்தையும் மின்மயமாக்க 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது சொல்லப்பட்ட கெடு 2021-22. பிறகு அது 2023 டிசம்பர் ஆனது. இரண்டும் கடந்துவிட்டன. அடுத்த கெடு 2030: அதற்குள் ரயில்வேயின் கார்பன் வெளியேற்றம் நிகர பூஜ்யமாகுமாம். செகந்திராபாத் பக்கமிருந்து வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகம்: மௌலாலி ஷெட்டின் டீசல் லோகோக்கள் என்ன ஆகும்? அவற்றையே மின்சார லோகோவாக மாற்ற முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வாரணாசி டீசல் லோகோ தொழிற்சாலை இரண்டு டபிள்யூ.டி.ஜி.3ஏ ரக டீசல் லோகோக்களை அப்படி மாற்றி 10,000 குதிரைசக்தி ஜோடியாக்கியது. 2019 பிப்ரவரியில் பிரதமர் கொடியசைத்தார். இது சாத்தியமானதற்குக் காரணம், டீசல் லோகோவும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பதே.

அந்தத் தொழிற்சாலை அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத் தொழில்நுட்பத்தில் 1964 முதல் தயாரித்த டபிள்யூ.டி.எம்.2 ரக டீசல் லோகோவைப் பாருங்கள். 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி. ஆனால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடி இணைப்பு இல்லை. டீசல் இன்ஜின் நின்ற நிலையில் இழுவை தராது; லாரியில் அந்தக் குறையைக் கிளட்சும் கியரும் சமாளிக்கின்றன. 2,600 குதிரைசக்தியைக் கிளட்ச் வழியே அனுப்பினால் அது கருகிவிடும். அதனால் இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றுகிறது. மின்சாரம் அச்சுகளில் தொங்கும் 6 மோட்டார்களுக்குப் போகிறது.

லோகோ பைலட்டின் கைப்பிடிக்கு 8 நாட்ச், அதாவது படிகள். சும்மா நிற்கையில் இன்ஜின் நிமிடத்துக்கு 400 சுற்று, 8-வது நாட்ச்சில் 1,000. ரயில் அசையும் கணத்தில் மோட்டாருக்கு மின்னோட்டம் அதிகம், மின்னழுத்தம் குறைவு. இழுவை உச்சத்தில் இருக்கும். வேகம் ஏற ஏற அழுத்தம் கூடும், ஓட்டம் குறையும். இன்ஜின் தரும் சக்தி ஏறக்குறைய அதேதான். அது இழுவையாகவோ வேகமாகவோ பங்கு பிரிகிறது. கியர் மாற்றும் வேலையே இல்லை. ஓட்டத்தையும் அழுத்தத்தையும் இப்படிச் சரிசெய்யும் வேலையைப் பழைய லோகோக்களில் மின்சுற்றுகள் பார்த்தன; பின்னாளில் நுண்செயலிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஏற்றன. அவற்றைத் தயாரித்தவர்களில் ஹைதராபாத்தின் மேதா சர்வோ டிரைவ்ஸும் உண்டு.

ஆக, இன்ஜினையும் ஜெனரேட்டரையும் இறக்கிவிட்டு, டிரான்ஸ்பார்மரும் மேலே மின்கம்பியைத் தொடும் பேன்டோகிராபும் வைத்தால் மோட்டார்களுக்குக் கம்பியிலிருந்தே மின்சாரம் கிடைக்கும். அருமையான யோசனை. சிக்கல் அதைப் பற்றிய ரயில்வே அறிவிப்பில் இருக்கிறது. ஒரு லோகோவின் சக்தி 2,600-லிருந்து 5,000 ஆகி 92 சதவீதம் உயர்ந்ததாம். டபிள்யூ.டி.ஜி.3ஏ இன்ஜினின் திறனோ 3,100 குதிரைசக்தி. அதை அடிப்படையாக வைத்தால் உயர்வு 61 சதவீதம்தான். தவிர, நின்ற சரக்கு ரயிலை நகர்த்துவதில் சக்கரம் வழுக்காமல் இருக்க லோகோவின் எடையும் தேவை, டபிள்யூ.டி.ஜி.3ஏ-வின் எடை சுமார் 123 டன். எடை ஏறாமல் சக்தி மட்டும் ஏறினால் பாரத்தோடு ஓடும் வேகம் கூடும், கிளம்பும்போதுள்ள இழுவை அதே அளவு கூடாது. பொதுப்பணத்தில் நடக்கும் மாற்றத்துக்கு இந்த விவரத்தையும் சேர்த்துச் சொல்வதே முறை.

மற்ற கேள்விகள்:

புகை ஒழியுமா? தண்டவாளத்தில் ஒழியும்; ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது.

டீசலை அடியோடு கைவிடலாமா? கூடாது; 2012 ஜூலையில் வட இந்திய மின்தொகுப்பு விழுந்தபோது மின்சார ரயில்கள் வழியிலேயே நின்றன.

உபரி லோகோக்கள்? வங்கதேசத்துக்கு 2020-ல் 10, 2023-ல் 20 கொடுக்கப்பட்டன.

வாரணாசி ஆலை? 2020-ல் பனாரஸ் லோகோ தொழிற்சாலை எனப் பெயர் மாறியது. மின்சார லோகோவே அதன் முதன்மைத் தயாரிப்பு.

டீசல் லோகோ தயாரிப்பு நின்றுவிட்டதா? இல்லை, பிகாரின் மர்ஹவ்ராவில் 1,000 லோகோக்களுக்கு 2015-ல் போட்ட ஒப்பந்தத்தில் எழுந்த ஆலை, 2025-ல் கினி நாட்டுக்கு ஏற்றுமதியைத் தொடங்கியது.