எதிர்ப்புச் சக்தி டப்பாவில் வருவதில்லை

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் கையோடு ஒரு டப்பாவையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம், சாறு. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. கொடுப்பவரின் அன்பை நான் குறை சொல்லவில்லை. விற்பவரைத்தான் சொல்கிறேன். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்திருக்கிறது.

ஏதோ ஒரு சக்தியை ஏற்றிவிட்டால் கட்டி கரைந்துவிடும் என்பது உடலைப் பற்றிய தவறான கணக்கு. உள்ளே நடப்பது பலவகை உயிரணுக்களின் கூட்டுவேலை. ஏறக்குறைய ஒவ்வொரு அணுவும் தனக்குள் உருவாகும் புரதத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். காட்டாமல் மறைக்கும் அணுவை இயற்கைக் கொல்லி அணுக்கள் சந்தேகப்பட்டுத் தாக்கும். சிதைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு டென்ட்ரிடிக் அணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. வாயில் கட்டி என்றால் தாடைக்குக் கீழும் கழுத்திலும் உள்ள கணுக்கள். அங்கே உதவி டி அணு அந்தத் துண்டை அடையாளம் கண்டு டென்ட்ரிடிக் அணுவை முடுக்கிவிடுகிறது. அதன் பிறகே கொல்லி டி அணுக்கள் பெருகி, ரத்தம் வழியே கட்டியைத் தேடிப் போகின்றன. போன இடத்தில் அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, அக்கம்பக்கத்து விழுங்கணுக்களையும் எழுப்புகிறது.

இவற்றை அடக்கிவைக்கும் அணுக்களும் உடலில் உண்டு. இல்லாவிட்டால் நம் சொந்த உறுப்புகளே தாக்கப்படும். அந்த ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இல் பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவரும் நோபல் பெற்றார்கள். கட்டி இந்த அடக்கத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. டி அணுவின் மேலிருக்கும் பிடி-1 என்ற பிரேக்கை மிதித்து, அதைச் செயலிழக்க வைக்கிறது. இதுபோன்ற பிரேக்குகளை விடுவித்துச் சிகிச்சை செய்யலாம் என்று காட்டிய ஆலிசன், ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது.

பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளில் ஒன்று நிவோலுமாப். விலை மிக அதிகம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் குறைந்த அளவில் அதைச் சோதித்தது: மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாத்திரைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தோர் 16.3 சதவீதம், இந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம். புகையிலையும் பாக்கும் வாயைத் தின்னும் நம் நாட்டுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு அரிது. பணமில்லை என்று மருந்தையே கைவிடும் முன், குறைந்த அளவு தனக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளியின் டி அணுக்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையில், 2023-இல் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் சிகிச்சையோ சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமானது. எல்லாக் கட்டிக்கும் 'செல் சிகிச்சை' உண்டு என்பவரை நம்பாதீர்கள்.

நிவோலுமாப் போன்ற மருந்துகளில் ஆபத்தும் உண்டு. பிரேக் விலகிய அணுக்கள் நுரையீரல், குடல், கல்லீரல், தைராய்டு எதையும் தாக்கலாம். ஊசி நிறுத்திப் பல மாதம் கழித்தும் தாக்கலாம். மூச்சிரைப்போ விடாத வயிற்றுப்போக்கோ வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தச் சிகிச்சை எடுத்ததை முதலில் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுக்கோளாறு என்று நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும். அவற்றைக் கொண்டு வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. புதுச் சிகிச்சையைச் சோதனையாகத் தருகிறார்கள் என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ.-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் 2019 விதிகளில் உண்டு.

பணத்துக்கு வழி: கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டத்தில் அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பிரதமர் காப்பீட்டு அட்டைக்கு மாநிலம் கடந்தும் பயன் உண்டு. தமிழ்நாட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கலாம். காருண்யா மருந்தகங்களில் மாவட்டத்துக்கு ஒன்றாக 2024 முதல் லாபமில்லா விலையில் புற்றுநோய் மருந்து விற்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கேரள அரசின் திசா உதவி எண் 1056-ஐ அழையுங்கள்.

நோயை முன்னதாகவே கண்டுபிடிப்பதும் உயிர்காக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயை வெறும் கண்ணால் பரிசோதித்தார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வாயில் மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் வலியில்லாத கட்டி இருந்தால் கருவேலிப்படி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்குக் களமசேரியில் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.